கடல் தண்ணியில எடுத்த பக்டீரியா புது இனமோ? எந்தச் சோதனைக்குக் காசு கட்டுறது?

போன ரெண்டு மாசத்துக்குள்ள மூண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியோட வந்திச்சினம். முதல் ஆள் வவுனியாவில கடைசி வருசம் படிக்கிற ஒரு தங்கச்சி. நாயாத்துக் கடல்ல அள்ளின தண்ணியப் பிளேட்டில போட்டிருக்கிறா, செம்மஞ்சள் நிறத்தில ஒரு கொலனி வந்து ஏகாரையே (பிளேட்டில ஊத்தியிருக்கிற ஜெலியை) குழி தோண்டிக்கொண்டு கீழ இறங்குது, "அண்ணா இது புது இனமா இருக்குமோ, 16எஸ் செய்யிறதோ இல்லாட்டி நேரா ஜீனோமுக்குப் போறதோ" எண்டு கேட்டா. (16எஸ் எண்டா ஒரு மரபணுவை மட்டும் வாசிக்கிறது, ஜீனோம் எண்டா அதின்ட முழு டிஎன்ஏயையும் வாசிக்கிறது.) ரெண்டாவது முல்லைத்தீவுப் பக்கம் ஏ.எல். உயிரியல் படிப்பிக்கிற ஒரு ரீச்சர், பிள்ளையளோட சேந்து ஏதாவது உருப்படியா செய்ய ஆசைப்படுறா. மூண்டாவது பூநகரிப் பக்கம் கடலட்டைப் பண்ணை வைச்சிருக்கிற ஒரு அண்ணை, அட்டையில தோல் புண் வருது, தண்ணியில இருக்கிற பக்டீரியா எது எண்டு தெரியோணும் அவருக்கு.

மூண்டு பேருக்கும் ஒரு பொதுவான சிக்கல், கையில இருக்கிற காசு ஒரு சோதனைக்குத்தான் காணும். பிழையான சோதனைக்குக் கட்டினா அந்த வருசம் அவ்வளவுதான். அதால இருக்கிற வழியள ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டா வைச்சு எழுதிறன். இடங்கள் எங்கட இடம்தான், ஆனா சோதனையளும் விதியளும் உலகம் முழுக்க ஒண்டுதான்.

## எதை வைச்சு அளக்கிறது

முதலாவது, அந்த வழி "இது புதுசு" எண்டு சொல்லுமோ, இல்லாட்டி "இன்ன கூட்டத்தைச் சேந்ததா இருக்கலாம்" எண்டதோட நிக்குமோ. இது ரெண்டையும் கனபேர் குழப்பீனம். இனம் காணுறது வேற, வகைப்படுத்துறது வேற. ஏற்கனவே பேர் இருக்கிற ஒண்டை இதுதான் எண்டு பிடிக்கிறது முதலாவது. பேரே இல்லாத ஒண்டுக்கு மரத்தில எந்தக் கொப்பில இடம் எண்டு காட்டுறது ரெண்டாவது. முதலாவதுக்கு நல்ல சோதனை ரெண்டாவதுக்குக் கை குடுக்காது.

ரெண்டாவது காசு. ரூபாயா கட்டுறதோ டொலரா கட்டுறதோ எண்டும் பாக்கோணும், 2022க்குப் பிறகு இஞ்ச லேப் நடத்தினவைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மூண்டாவது, எங்கட இடத்தில நிண்டு செய்யலாமோ, கரண்ட் நிண்டா என்ன நடக்கும். நாலாவது நாள். அஞ்சாவது, வாற விடையை ஆர் ஏற்பினம். பிள்ளையின்ட அறிக்கைக்கு ஒரு அளவு, சஞ்சிகைக்கு இன்னொரு அளவு, பண்ணைக்காரருக்கு வேறொரு அளவு.

## எந்த வழிக்கும் முதல், வளர்ப்பு சுத்தமோ?

இதைத் தாண்டிப் போகாதேங்கோ. ஒரு மில்லிலீற்றர் கடல் தண்ணியில கிட்டத்தட்ட 10 லட்சம் பக்டீரியா இருக்கும், அதில நூத்தில ஒண்டு கூட எங்கட பிளேட்டில முளைக்காது. முளைக்கிறதுகளும் ஒண்டுக்கு மேல ஒண்டு ஒட்டிக்கொண்டுதான் வரும், முக்கியமா பசை மாதிரி வளருற கடல் இனங்கள். மரைன் ஏகார் 2216 எண்டிற, கடல் பக்டீரியாவுக்கான ஊடகத்தில தனிக் கொலனியைத் தொட்டு திரும்பக் கீறி, அதில தனிக் கொலனி எடுத்துத் திரும்பக் கீறி, குறைஞ்சது மூண்டு தரம் செய்யோணும்.

நான் இதில சூடு பட்டிருக்கிறன். வட்டுவாகல் பக்கம் எடுத்த தண்ணி, ரெஜிபோம் பெட்டியில ஐசுக்குள்ள வைச்சு மாங்குளத்தில பஸ் மாறி லேபுக்குக் கொண்டு வந்து, அவசரத்தில ஒரு தரம் மட்டும் கீறிட்டு டிஎன்ஏ எடுத்து அனுப்பிப்போட்டன். மூண்டு கிழமைக்குப் பிறகு வந்த ஃபைலைத் திறந்தா வரைபடத்தில ஒவ்வொரு எழுத்துக்கும் ரெண்டு முகடு, ஒண்டுக்குக் கீழ ஒண்டு. ரெண்டு பக்டீரியா சேந்து வாசிபட்டிருக்கு. காசும் போச்சு, மூண்டு கிழமையும் போச்சு, அந்த மழைக்காலத் தண்ணி திரும்பக் கிடைக்க அடுத்த கார்த்திகை வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்தன்.

சுத்தமாக்கின உடன முதல் வேலை 20% கிளிசரோல்ல ஸ்டொக் (உறைய வைக்கிற பிரதி) போடுறது. மைனஸ் 80 பாகையில வைக்கோணும், ஒரே ஃபிரீசருக்குள்ள எல்லாத்தையும் வைக்கக்கூடாது. 2022 பங்குனி கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம் எத்தினை பேரின்ட சேகரிப்பு உருகிப் போயிருக்கும் எண்டு நினைச்சா இப்பவும் நெஞ்சு பாரமாக் கிடக்கு. ஒரு செற் உங்கட இடத்தில, இன்னொரு செற் வேற ஊரில தெரிஞ்ச லேப் ஒண்டில.

## வழி 1: பிளேட்டும் குழாயும், பழைய முறை

நிறம், வடிவம், கிராம் சாயம் (செல் சுவரை வைச்சு பக்டீரியாவைக் கிராம் நேர், கிராம் மறை எண்டு ரெண்டாப் பிரிக்கிறது), ஒக்சிடேஸ், கற்றலேஸ் எண்டிற நொதியச் சோதனையள், எந்த உப்பில வளருது, எந்தச் சீனியைத் தின்னுது எண்டு பாக்கிற வழி. இதைக் கீழா நினைக்கிறவை இருக்கினம், நான் அப்பிடி நினைக்கேல்ல. ஒரு உயிரோட பழகிறதுக்கு இதை விட நல்ல வழி இல்லை.

ஒரு உதாரணம். கிராம் சாயம் பிழைக்கிற நேரம் நான் செய்யிறது 3% பொட்டாசியம் ஐதரொட்சைட்டு ஒரு துளி கண்ணாடியில விட்டு, கொலனியில கொஞ்சம் எடுத்து அதுக்குள்ள கலக்கி, ஒரு நிமிசத்துக்குள்ள வளையத்தை மெதுவா மேல தூக்கிறது. கிராம் மறையா இருந்தா சுவர் உடைஞ்சு உள்ள இருக்கிற டிஎன்ஏ வெளிய வந்து வெண்டிக்காய்ப் பசை மாதிரி நூலா இழுபடும். கிராம் நேரா இருந்தா தண்ணியாவே கிடக்கும். கடல்ல வாறதில கூடுதலானது கிராம் மறைதான்.

தங்கச்சியின்ட செம்மஞ்சள் கொலனிக்கு இன்னொண்டு இருக்கு. அதே ஐதரொட்சைட்டை 20% ஆக்கி கொலனி மேல ஒரு துளி விட்டா, நிறம் உடன கருஞ்சிவப்பாவோ மண்ணிறமாவோ மாறினா அது ஃபிளெக்சிருபின் வகை நிறப்பொருள், ஃபிளேவோபக்டீரியா எண்டிற கூட்டத்தின்ட பக்கம் பாக்கோணும். மாறாட்டி அந்தப் பக்கம் இல்லை எண்டு சொல்ல ஏலாது, கடல்ல இருக்கிற கன ஃபிளேவோபக்டீரியாவில அந்த நிறப்பொருள் இல்லை, கரோட்டினொயிட் மட்டும்தான். ஏகார்ல குழி விழுறது நல்ல துப்பு. ஏகார் எண்டிறதே கடல் பாசியில எடுக்கிறதுதானே, பாசியோட வாழுற பக்டீரியாவுக்கு அதைக் கரைக்கிற நொதியம் இருக்கும். பிளேட்டைச் சரிச்சு வெளிச்சத்துக்குப் பிடிச்சா கொலனியைச் சுத்திப் பள்ளம் விழுந்து விளிம்பு பளபளக்கிறது வடிவாத் தெரியும். (20% கரைசல் கண்ணில பட்டா கண்ணே போயிடும், கண்ணாடி போடாமத் தொடவேண்டாம்.)

தயார் கிட் எண்டு விக்கிற ஏபிஐ 20இ, 20என்இ மாதிரியானதுகளில கவனமா இருங்கோ. அதுகளின்ட தரவுத்தளம் கூடுதலா ஆஸ்பத்திரியில வாற கிருமியளுக்குச் செய்தது. கடல் பக்டீரியாவைப் போட்டா கேட்ட கேள்விக்கு ஏதோ ஒரு பேரைச் சொல்லும், அதுவும் நல்ல வீதத்தோட சொல்லும், பாக்கிறவை நம்பிடுவினம். இன்னொண்டு, கிட்டில சொல்லுற சாதாரண உப்புக் கரைசல்ல கரைச்சா கன கடல் பக்டீரியா வளராமலே போயிடும், 2 முதல் 3% உப்பு போடோணும். வளராததை "எதிர்மறை" எண்டு எழுதினா முழுப் பட்டியலும் பிழை.

மறைஞ்ச செலவு கிட்டின்ட காலாவதித் திகதி. ஒண்டு தேவை எண்டாலும் பெட்டியா வாங்கோணும், மிச்சம் அடுத்த மாணவர் வாறதுக்குள்ள காலம் கடந்திடும். புதுசு எண்டு இந்த வழி மட்டும் ஒருநாளும் சொல்லாது. ஆனா நூறு கொலனியில எந்தப் பத்தை மேல கொண்டு போறது எண்டு தெரிவு செய்ய இது நல்லது, பள்ளிக்கூடத்துக்கும் இதுதான் நல்லது.

## வழி 2: 16எஸ் வாசிக்கிறது

எல்லா பக்டீரியாவிலயும் இருக்கிற ஒரு மரபணு, கிட்டத்தட்ட 1,500 எழுத்து. 27எஃப், 1492ஆர் எண்டிற ரெண்டு பிரைமரை (தொடக்கத்தைக் காட்டுற சின்ன டிஎன்ஏ துண்டுகள்) வைச்சு பிசிஆர்ல பெருக்கி, சாங்கர் எண்டிற முறையில எழுத்தெழுத்தா வாசிச்சு, பேர் வைச்ச இனங்களோட ஒப்பிட்டுப் பாக்கிறது. என்ர கணக்கில வன்னியில இருந்து தொடங்கிற ஒரு ஆளுக்கு முதல் காசை இதில போடுறதுதான் சரி, ஆனா முழுசாப் போடோணும்.

முழுசா எண்டு ஏன் சொல்லுறன் எண்டா, ஒரு பக்க வாசிப்பு மட்டும் எடுத்தா விலை பாதி, அதால கனபேர் அதோட நிப்பாட்டீனம். ஒரு சாங்கர் வாசிப்பில நல்லா வாறது 700, 800 எழுத்துத்தான். எங்களிட்ட ஒரு கொலனிக்கு ஒரு பக்கம் 650 எழுத்தில 99.4% எண்டு வந்தது, பழைய இனம் எண்டு மூடி வைச்சிட்டம். பிறகு வேற தேவைக்கு மற்றப் பக்கமும் வாசிச்சு 1,420 எழுத்தா ஒட்டேக்க 97.8% ஆப் போச்சு, ஏனெண்டா வேறுபாடு எல்லாம் நாங்கள் வாசிக்காத பக்கத்தில கிடந்தது. ஒரு வருசம் அந்தக் குழாய் ஃபிரீசர்ல சும்மா கிடந்திருக்கு.

இலக்கங்கள எப்பிடி வாசிக்கிறது? 1994இல 97% எண்டு ஒரு கோடு போட்டவை, 2006இல அது 98.7% பக்கம் ஏறினது, 2014இல ஜீனோமுகளோட ஒப்பிட்டுப் பாத்து 98.65% எண்டு உறுதிப்படுத்தினவை. கிட்டின பேருள்ள இனத்தோட 98.7%க்குக் கீழ வந்தா புது இனமா இருக்க நல்ல வாய்ப்பு. 94.5%க்குக் கீழ வந்தா புது சாதி (இனத்துக்கு மேல இருக்கிற கூட்டம்) எண்டே நினைக்கலாம். ஆனா 98.7%க்கு மேல வந்தா பழசு எண்டு முடிவு கட்டக்கூடாது, இதுதான் கனபேர் விடுற பிழை. விப்ரியோ எண்டிற கடல் பக்டீரியாச் சாதியைப் பாருங்கோ. விப்ரியோ ஹார்வேயியும் விப்ரியோ கேம்பெல்லியும் 16எஸ்சில கிட்டத்தட்ட ஒண்டு, ஆனா வேற வேற இனம். போதாக்குறைக்கு விப்ரியோ ஒரே செல்லுக்குள்ள இந்த மரபணுவைப் பல பிரதி வைச்சிருக்கும், பிரதிக்குப் பிரதி சின்ன வித்தியாசமும் இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு கைர்பி, ஆர்பிஓபி, ரெக்ஏ, பைஆர்எச் மாதிரி நாலஞ்சு மரபணு சேத்து வாசிக்கோணும்.

தேடேக்கயும் ஒரு பொறி இருக்கு. என்சிபிஐ எண்டிற பொது மரபணுத் தரவுத்தளத்தில பிளாஸ்ட் பண்ணினா (உங்கட வரிசையைத் தேடி ஒப்பிட்டா) முதல்ல வாறது பேரில்லாத, வளர்க்கப்படாத பக்டீரியா எண்டிற வரிசையள்தான். அங்க வகைத்திரிபுகளின்ட (ஒரு இனத்துக்குப் பேர் வைக்கேக்க மாதிரியா வைச்ச வளர்ப்புகளின்ட) வரிசையில மட்டும் தேடுறதுக்கு ஒரு பெட்டி இருக்கு, அதைக் குத்திட்டுத் தேடுங்கோ. ஈசிபயோகிளவுட் எண்டிற ஒப்பீட்டுத் தளத்திலயும் பாருங்கோ. பேர் இப்பவும் செல்லுபடியாகுதோ எண்டு எல்பிஎஸ்என் தளத்தில பாருங்கோ.

ஆனையிறவு உப்பளத்து இளஞ்சிவப்புத் தண்ணியைக் கொண்டு வாறவைக்கு ஒரு சொல்லு. அந்த நிறத்தைத் தாறதுகளில கனக்க பக்டீரியாவே இல்லை, ஆர்க்கியா எண்டிற வேற வகை நுண்ணுயிர். 27எஃப் பிரைமர் அதுகளப் பிடிக்காது. பிசிஆர் வேலை செய்யேல்ல எண்டு நாலு தரம் செய்து பாக்காம ஆர்க்கியாவுக்கான பிரைமரை வாங்குங்கோ.

## வழி 3: மால்டி-டொஃப்

கொலனியில கொஞ்சத்தை உலோகத் தட்டில தடவி, லேசர் அடிச்சு, வாற புரதங்களின்ட நிறையை ஒரு கைரேகை மாதிரிப் பாக்கிறது. மெசின் இருக்கிற இடத்தில ஒரு மாதிரிக்குச் செலவு கொஞ்சம், நிமிசக் கணக்கில விடை. மெசின் சரியான விலை, வன்னிக்குள்ள ஒண்டு இருந்து நான் கண்டதில்லை.

இதுவும் ஆஸ்பத்திரித் தரவுத்தளத்தில நிக்கிறதுதான். புது இனத்துக்கு அது சொல்லுறது "நம்பகமான அடையாளம் இல்லை", அவ்வளவுதான். பேரில்லாட்டி புதுசு எண்டு அர்த்தமில்லை, அந்த இனத்தை அவை இன்னும் பதியேல்ல எண்டும் இருக்கலாம். ஆனா ஒரு இடத்தில இது தங்கம். 200 கொலனி எடுத்து வைச்சிருக்கிறியள், அதில 60 ஒரே ஆள் எண்டு சந்தேகம், அப்ப ரேகையை ரேகையோட ஒப்பிட்டுக் கூட்டம் பிரிச்சு கூட்டத்துக்கு ஒண்டை மட்டும் 16எஸ்சுக்கு அனுப்பலாம். ஒத்தை கொலனியோட நிக்கிற தங்கச்சிக்கு இது வேண்டாம்.

## வழி 4: முழு ஜீனோம்

இதுதான் "புதுசு" எண்ட சொல்லைச் சொல்லக்கூடிய வழி. கடல் பக்டீரியா ஒண்டின்ட ஜீனோம் பெரும்பாலும் 30 முதல் 60 லட்சம் எழுத்து. அதை முழுசா வாசிச்சு, கிட்டின இனங்களின்ட வகைத்திரிபு ஜீனோமோட ஒப்பிட்டு ரெண்டு இலக்கம் எடுக்கிறம். ஏஎன்ஐ எண்டிறது பொதுவான பகுதியளில எத்தினை வீதம் எழுத்து ஒத்துப்போகுது எண்டு சொல்லும், 95 முதல் 96%க்குக் கீழ போனா வேற இனம். மற்றது டிஜிற்றல் டிடிஎச், அதில கோடு 70%. அந்த 70 சும்மா வந்ததில்லை, டிஎன்ஏயை டிஎன்ஏயோட உண்மையிலயே பிணைச்சு அளந்த காலத்தில, 1987இல ஒரு குழு கூடி வைச்ச இலக்கம். அந்தப் பழைய சோதனை லேபுக்கு லேப் விடை மாறுற வேலை, இப்ப அதையே கணினி செய்யுது.

கணக்குப் பாக்கிற பகுதிக்கு காசு வேண்டாம், இது கனபேருக்குத் தெரியாது. ஜேர்மனியின்ட டிஎஸ்எம்இசட் நடத்துற டிவைஜிஎஸ் தளத்தில ஜீனோமை ஏத்திவிட்டா கிட்டின வகைத்திரிபுகளை அதுவே தேடி மரமும் போட்டு டிடிஎச் இலக்கமும் தரும், இலவசம். வாசிச்ச துண்டுகளை ஒட்டுற வேலைக்கு ஸ்பேட்ஸ் எண்டிற மென்பொருள் ஒரு 16 ஜிபி லப்டொப்பில ஓடும், இல்லாட்டி காலக்ஸி எண்டிற இணையத் தளத்தில செய்யலாம். ஜிடிடிபி வகைப்பாட்டு மென்பொருள் மட்டும் வீட்டு லப்டொப்பில ஓடாது, அதுக்கு நினைவகம் கனக்க வேணும்.

வாசிக்கிற மெசின் எது, சின்னத் துண்டா வாசிக்கிற இல்லுமினாவோ நீளமா வாசிக்கிற நனோபோரோ? ஏஎன்ஐ மட்டும் வேணும் எண்டா இல்லுமினா காணும், ஜீனோம் துண்டு துண்டா வந்தாலும் இலக்கம் சரியா வரும். முழு வட்டமா வேணும் எண்டா நீள வாசிப்புக்கு நனோபோர். மின்ஐயன் எண்டிற கருவி கையுக்குள்ள அடங்கும், வவுனியாவில மேசையில வைச்சே வாசிக்கலாம் எண்டு ஆசை வரும். ஆனா அதுக்குள்ள போடுற ஃபுளோசெல் எண்டிற தட்டு காலாவதியாகும், குளிரில வரோணும், சுங்கத்தில ரெண்டு கிழமை நிண்டா என்ன பாடுபடும் எண்டு யோசியுங்கோ. ஒரு பக்டீரியாவுக்காக அதை வாங்கிறது பிழை, இருபது பேர் சேந்து வாங்கினா வேற கதை.

மறைஞ்ச செலவு ரெண்டு. ஒண்டு, கிட்டின இனத்தின்ட வகைத்திரிபுக்கு ஜீனோம் இதுவரை ஆரும் வாசிக்காம இருந்தா அதையும் நீங்களே வாங்கி வாசிக்கோணும், அப்ப செலவு ரெட்டிப்பு. காசு கட்ட முதல் என்சிபிஐயில அதைப் பாருங்கோ. மற்றது கலப்பு. ஜீனோம் வந்த உடன செக்எம் எண்டிற மென்பொருள்ல போட்டு கலப்பு 5%க்குக் கீழயோ எண்டு பாக்கோணும், ஜீனோமுக்குள்ள இருக்கிற 16எஸ் நீங்கள் முதல் சாங்கர்ல எடுத்ததோட ஒத்துப்போகுதோ எண்டும் பாக்கோணும். ஒத்துப்போகாட்டி குழாய் எங்கயோ மாறியிருக்கு. 16எஸ்சை முதல் செய்யச் சொல்லுறதுக்கு இதுவும் ஒரு காரணம், அது பிறகு சாட்சியா நிக்கும்.

## வழி 5: முழு விவரிப்பு, பேர் வைக்கிற வரைக்கும்

ஜீனோம் புதுசு எண்டு சொல்லிட்டுது, ஆனா பேர் இன்னும் வரேல்ல. பேர் செல்லுபடியாக, பக்டீரியாப் பேர்களுக்கான ஐஜெசெம் சஞ்சிகையில விவரிப்பு வரோணும், இல்லாட்டி வேற சஞ்சிகையில வந்து அவையின்ட பட்டியல்ல ஏறோணும். அதுக்கு 2018இல இருந்து ஜீனோம் கட்டாயம். அதோட செல்லுக்குள்ள இருக்கிற கொழுப்பமிலம், குயினோன், துருவ லிப்பிட் எண்டிற வேதிப்பொருள்கள், உப்பு, வெப்பம், பிஎச் எல்லை எல்லாம் கேப்பினம். குயினோன் சின்ன விசயமாத் தெரிஞ்சாலும் நல்ல சாட்சி, ஃபிளேவோபக்டீரியா குடும்பம் எண்டா எம்கே-6 எண்டிற குயினோன் வரோணும், விப்ரியோ பக்கம் எண்டா கியூ-8, அல்ஃபாபுரட்டியோபக்டீரியா பக்கம் எண்டா கூடுதலா கியூ-10. மாறி வந்தா எங்கயோ பிழை. கிட்டின இனத்தின்ட வகைத்திரிபையும் வாங்கி உங்கட பிளேட்டுக்குப் பக்கத்தில அதே நாள் அதே ஏகார்ல வளர்த்து ஒப்பிடோணும், ஆரோ எழுதின அட்டவணையைப் பாத்து எழுதினா திருப்பி அனுப்புவினம்.

எல்லாத்திலயும் பெரிய மலை, வகைத்திரிபை ரெண்டு வேற நாட்டில இருக்கிற பொதுச் சேகரிப்பில உயிரோட வைப்பிலிடோணும், அங்க இருந்து ஆர் கேட்டாலும் குடுக்கிற மாதிரி. ஜேர்மனியில டிஎஸ்எம்இசட், ஜப்பானில ஜேசிஎம், கொரியாவில கேசிடிசி, பெல்ஜியத்தில எல்எம்ஜி எண்டு இருக்கு. டிஎஸ்எம்இசட்டில பொது வைப்புக்குக் காசு இல்லை, ஆனா அனுப்புற கூரியரும் கடிதங்களும் உங்கட செலவு, அவை வளர்த்துப் பாத்து சான்றிதழ் தர மாதக் கணக்காகும். ஆய்வுக் கட்டுரை எழுதத் தொடங்கிற நாளே வைப்புக்கும் எழுதிப்போடுங்கோ.

2022இல சீக்கோட் எண்டு இன்னொரு விதிமுறை வந்தது. அதில ஜீனோமையே வகையா வைச்சுப் பேர் பதியலாம், உயிருள்ள வளர்ப்பு தேவையில்லை. வளர்க்கவே ஏலாத பக்டீரியாவுக்கு இது பெரிய விடுதலை. ஆனா கையில வளருற கொலனியை வைச்சுக்கொண்டு இதுக்குப் போகவேண்டாம் எண்டிறதுதான் என்ர எண்ணம், ஏனெண்டா பழைய விதிமுறையில அந்தப் பேர் செல்லாது, நாளைக்கு ஏகாரைக் கரைக்கிற அந்த நொதியத்தை ஆராய வாறவைக்கு உயிரும் கிடைக்காது.

## ஒரே பார்வையில

| வழி | "புதுசு" எண்டு சொல்லுமோ | செலவு | இஞ்ச செய்யலாமோ | நாள் | ஆருக்கு |
|---|---|---|---|---|---|
| பிளேட், குழாய் | இல்லை | குறைவு, கிட் வாங்கினா கூடும் | முழுசா | 1, 2 கிழமை | பள்ளிக்கூடம், முதல் தெரிவு |
| 16எஸ் முழு வாசிப்பு | துப்புத் தரும் | நடுத்தரம் | பிசிஆர் இஞ்ச, வாசிப்பு வெளிய | சில கிழமை | எல்லாருக்கும் முதல் காசு |
| மால்டி-டொஃப் | இல்லை | மெசின் இருந்தா குறைவு | இல்லை | ஒரு நாள் | கனக்க கொலனி இருக்கிறவை |
| முழு ஜீனோம் | ஓம் | 16எஸ்சைப் போல பல மடங்கு | கணக்கு மட்டும் இஞ்ச | 1, 2 மாசம் | 98.7%க்குக் கீழ வந்தவை, விப்ரியோ |
| முழு விவரிப்பு | ஓம், பேரோட | எல்லாத்திலயும் கூட | கூட்டாளி வேணும் | ஒரு வருசத்துக்குக் குறையாது | முதுமாணி, கலாநிதி |

## அட்டவணையில வராத ஒண்டு: அனுமதி

நாயாறும் நந்திக்கடலும் 2017இல இயற்கை ஒதுக்கிடமா அறிவிச்ச இடம், சுண்டிக்குளம் 2015இல இருந்து தேசியப் பூங்கா. அங்க போத்தலோட இறங்க முதல் வனசீவராசிகள் திணைக்களத்திட்ட எழுத்தில கேளுங்கோ. ஊர்க் கடல்தானே, சின்ன வயசில இருந்து குளிச்ச தண்ணிதானே எண்டு நினைக்க வரும், எனக்கும் அப்பிடித்தான் இருந்தது. ஆனா சேகரிப்பு நிலையங்கள் முதல் கேக்கிற கேள்வியே எங்க எடுத்தது, எந்தத் திகதி, ஆர் அனுமதி தந்தது எண்டுதான். உயிரையோ டிஎன்ஏயையோ நாட்டுக்கு வெளிய அனுப்புறதுக்கு சுற்றாடல் அமைச்சின்ட உயிர்ப்பல்வகைமைச் செயலகத்திட்டயும் கேக்கோணும். இது காசில்லாத செலவு, ஆனா நாள் தின்னும். பின்னால தேடினா கிடைக்காது, முன்னுக்கே எடுத்து வையுங்கோ.

எடுக்கிற அண்டைக்கே ஜிபிஎஸ், தண்ணி வெப்பம், உப்பு அளவு எல்லாம் கொப்பியில எழுதுங்கோ. எங்கட களப்பில இது சின்ன விசயமில்லை. ஆவணியில நல்ல உப்பாக் கிடக்கிற தண்ணி மாரி மழைக்கு நன்னீராகி, முகத்துவாரம் வெட்டிவிட்ட உடன திரும்பக் கடலாகும், அதே இடத்தில வாற பக்டீரியாவும் மாறிடும்.

## மூண்டு பேருக்கும்

ரீச்சர், உங்களுக்கு வழி 1. ஆஸ்பத்திரிக் கிருமி வளர்க்காம, கடல் தண்ணியை மட்டும் எடுத்து, மூடின பிளேட்டில நிறமும் ஏகார்க் குழியும் பாக்கச் சொல்லுங்கோ. வற்றாப்பளைப் பொங்கலுக்கு கடல் தண்ணியில விளக்கெரியிறதைப் பாத்து வளர்ந்த பிள்ளையள், அந்தத் தண்ணி ஒரு துளிக்குள்ள எத்தினை உயிர் இருக்கு எண்டு நுணுக்குக்காட்டியில பாக்கட்டும். கற்றலேசுக்கு பார்மசியில விக்கிற ஐதரசன் பேரொட்சைட்டு காணும், நுரை வாறதைப் பாத்து பிள்ளையள் சத்தம் போடுவினம். முடிஞ்ச பிளேட்டுகளை பிரஷர் குக்கர்ல அவிச்சிட்டுத்தான் எறியோணும்.

அண்ணை, உங்களுக்கு புது இனமோ பழைய இனமோ எண்டது இப்ப தேவையில்லை. புண்ணில இருந்தும் தண்ணியில இருந்தும் வேற வேறயா எடுத்து டிசிபிஎஸ் எண்டிற, விப்ரியோவுக்கான ஏகார்ல போடச் சொல்லுங்கோ, மஞ்சள் பச்சைக் கொலனி வந்தா விப்ரியோ சந்தேகம், பிறகு மூண்டு நாலு கொலனியை 16எஸ்சோட ஒண்டு ரெண்டு மரபணு சேத்து வாசிச்சாக் காணும். புண்ணில இருக்கிறதும் சுகமான அட்டையில இருக்கிறதும் ஒண்டா இருந்தா அது காரணமா இல்லாமலும் இருக்கலாம், அதால சுகமான அட்டை ரெண்டையும் கட்டாயம் சேத்துக் குடுங்கோ. புண் வந்ததுகளை உடன வேற கூட்டுக்கு மாத்துங்கோ, விடை வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

தங்கச்சி, இந்தக் கிழமை ஒரு சதம் செலவழிக்க வேண்டாம். இன்னும் ரெண்டு தரம் கீறு, 20% ஐதரொட்சைட்டு விட்டுப் பார், குழியைப் படம் எடுத்து வை. பிறகு 16எஸ் ரெண்டு பக்கமும். 98.7%க்குக் கீழ வந்தா எனக்குச் சொல்லு, ஜீனோமுக்கு ஆரோட சேந்து போறது எண்டு கதைப்பம், உன்ர பட்டத்துக்கு 16எஸ்சும் வழி 1உம் தாராளம். நாயாத்தின்ட பேரை வைக்கலாமோ எண்டு கேட்டிருந்தாய். வைக்கலாம், இடத்தின்ட பேரை லத்தீன் முறைக்கு மாத்தி கடைசியில "என்சிஸ்" சேக்கிறது வழமை, சொந்தப் பேரைத்தான் வைக்கக்கூடாது எண்டு சொல்லுவினம். ஆனா அதுக்கு முதல் ரெண்டாவது ஸ்டொக்கைப் போட்டு வேற லேபுக்குக் குடுத்திட்டன் எண்டு ஒரு செய்தி அனுப்பு.